பால்வண்டிக்குப் பின்னால்

செக்கானூரணியில் கேன்களைக் கட்டி
எக்ஸெல்லை உதைக்கும்போது மணி நாலரை.
காளவாசல் டீக்கடைக்காரர்கள்
பாலுக்கு ஒரு நிமிடம் பொறுக்கமாட்டார்கள்.

கண்ணாடியில் முதலில் ரிப்பன்தான் தெரிந்தது.
பிறகு அரசாங்கம் கொடுத்த சைக்கிளின் கூடை,
அதற்குள் ட்யூஷன் நோட்டு.
ஒரு முழ இடைவெளியில்
யாரோ என்னை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.
முறுக்கினேன்.
முள் நாற்பதைத் தொட்டது.
அதற்கு மேல் என் வண்டிக்கு எண் தெரியாது.
அந்தப் பிள்ளையும் நாற்பதில் வந்தது.

பல்கலைக்கழக வாசலில் நிறுத்திக் கத்தினேன்.
நான் பிரேக் அடிச்சா
கேன்லதான வந்து மோதுவ?
ஒச்சம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:
“உங்க முதுகுக்குப் பின்னாடி
காத்தே இல்லண்ணே.”

மறுநாளிலிருந்து
பள்ளம் வந்தால் இடது கையைத் தாழ்த்துவேன்.
வேகத்தடைக்கு உள்ளங்கையை விரிப்பேன்.
பேச்சு அவ்வளவுதான்.
இரண்டு வருடம் அவள் முகத்தைக்
கண்ணாடியில்தான் பார்த்தேன்,
அதுவும் நடுங்கிக்கொண்டே.

ரேஸ்கோர்ஸில் மாவட்டப் போட்டி.
கேரியரைக்கூடக் கழற்றாமல் போய்
கோப்பையும் குக்கரும் வாங்கி வந்தாள்.
குக்கரில் அவள் அம்மா அன்றைக்கே கறி வைத்தாள்.
அப்புறம் விடுதி,
அப்புறம் திருவனந்தபுரம்.
போனில் சொன்னாள்:
“தளம் செவுரு மாதிரி சாஞ்சிருக்குண்ணே,
மெதுவாப் போனா விழுந்துருவோம்.
வண்டியில பிரேக்கே கிடையாது.”
எப்படித்தா நிப்பாட்டுவ?
“நிப்பாட்டவா போறோம்?”

பேப்பரில் அவள் பெயர்
ஒச்சம்மாள், ஓச்சம்மாள்,
ஒருமுறை உச்சம்மாள் என்று வந்தது.
மூன்றும் தங்கம்தான்.
ஆசியப் போட்டியில் நான்காவது.
மூன்றாவது வந்தவளுக்கும் இவளுக்கும் நடுவே
நொடியில் நூறில் இரண்டு பங்கு.
பாலில் அந்த அளவு தண்ணீர் கலந்தால்
எந்த லாக்டோமீட்டரும் காட்டாது.

காறை எலும்பு முறிந்த வருடம்
தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு
அதே நாலரைக்கு வந்து நின்றாள்.
தொடையில் ஏறிய மரச்சிலாம்பு
விரல் நீளம் இருந்ததாம்.
கேன்களுக்கு நடுவே உட்கார வைத்தேன்.
நாகமலைக்குப் பக்கத்தில் போகும்போது
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்,
காற்று முகத்தில் அறைந்தது.
“இதையாண்ணே தெனமும் வாங்குறீங்க?”

கடைசிப் போட்டிக்கு டெல்லி போனேன்.
இரண்டு ராத்திரி ரயில்.
பாலை மச்சினனிடம் விட்டுவிட்டு வந்தது வேறு
வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது.
ஆறு பெண்கள்,
முன்னால் ஒருவன் மோட்டார் வண்டியில்.
கெய்ரின் என்றார்கள்.
நான் சிரித்துவிட்டேன்.
பக்கத்து சர்தார்ஜி என்னவென்று கேட்டார்,
எனக்கு இந்தி வராது.

மூன்று சுற்று இருக்கும்போது
அவன் உள்பக்கமாக விலகிக்கொண்டான்.
அரங்கமே எழுந்து கத்தியது.
நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி,
துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டான்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நான் திரும்பும்போது
அவள் கோட்டைத் தாண்டியிருந்தாள்.
முன்னால் யாருமே இல்லை.
வாய் பிளந்து, பல் தெரிய,
எச்சில் காதுவரை இழுத்துக் கிடக்க
அப்படி ஒரு முகம் அவளுக்கு இருந்தது
எனக்குத் தெரியாது.

இப்போது போடி ரயிலில் டிக்கெட் பார்க்கிறாள்.
முட்டி மடக்கினால் சத்தம் வருகிறதாம்.
பதக்கங்கள் பீரோவில்,
குக்கர் இன்னும் விசில் அடிக்கிறது.

புதுக்கோட்டைக்கு முன்னால்
அந்தப் பள்ளத்தை மூடி ஆறு வருடம் ஆகிறது.
அந்த இடம் வந்ததும்
இடது கை தானாகத் தாழ்கிறது.
பின்னால் வரும் லாரிக்காரன்
எதற்கென்று புரியாமல்
ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறான்.